கொலை வழக்கில் தண்டனை வந்த பிறகு: இராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு மேல்முறையீட்டு வழிகாட்டி

இராமநாதபுரம் அமர்வு நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை என்று நீதிபதி வாசித்து முடித்தவுடன், அதுவரை பிணையில் வீட்டிலிருந்து வந்து போனவராக இருந்தாலும், கூண்டில் நிற்பவரைக் காவலர்கள் அழைத்துச் சென்றுவிடுவார்கள். அடுத்து அவரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் மதுரை மத்திய சிறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். மாற்றுத் துணியும் செருப்பும் உள்ள பையோடு வளாகத்தில் நிற்கும் குடும்பத்தாரிடம் அந்த நேரத்தில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். அப்பீலை நான் பார்த்துக்கொள்கிறேன், முன்பணம் மட்டும் கொடுங்கள் என்பவர் ஒருவர். இனி ஒன்றும் நடக்காது, பதினாலு வருடம் ஓடிவிடும் என்பவர் இன்னொருவர். இருவர் பேச்சையும் அன்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நான் வழக்கறிஞர் அல்லன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான கரையில், வழக்கில் சிக்கிய குடும்பங்களோடு மதுரைக்குத் துணையாகப் போய் வந்தவன். அந்தப் பயணங்களில் கற்றதை, முதல்முறை போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். வழக்கறிஞருக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மேல்முறையீட்டில் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்காது. சாட்சிகள் திரும்ப வரமாட்டார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் உண்மை தெரியும் என்பதற்கு அங்கே இடமில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் இரண்டு நீதிபதிகள் படித்து, அவற்றிலிருந்து இந்தத் தீர்ப்புக்கு வந்தது சரிதானா என்று பார்ப்பார்கள். ஆகவே குடும்பத்தின் கையில் இருப்பவை இரண்டே: நாள் தவறாமல் பார்ப்பதும், காகிதம் தொலையாமல் காப்பதும்.

தீர்ப்பு நகல்

சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே, கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 363ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 404ஆம் பிரிவு. பல குடும்பங்கள் தீர்ப்பு நகல் கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் அலைகின்றன. அந்த நகலோ சிறையில் இருப்பவரின் துணிப்பையில் மடித்துக் கிடக்கிறது. முதல் மனுப் பார்க்கும்போதே, அதாவது சிறையில் அவரை முதன்முறை சந்திக்கும்போதே, அதைப் பற்றிக் கேளுங்கள். அதற்குக் காத்திராமல், தனியாக ஒரு சான்றளிக்கப்பட்ட நகலுக்கும் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுவிடுவது நல்லது.

நகல் கைக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: அமர்வு வழக்கு எண், காவல் நிலையம், குற்ற எண், தீர்ப்புத் தேதி, தண்டித்த பிரிவுகள், அபராதத் தொகை, அதைக் கட்டத் தவறினால் எத்தனை மாதம், தண்டனைகள் ஏககாலத்தில் ஓடுமா ஒன்றன்பின் ஒன்றா, விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாள்கள் கழிக்கப்பட்டுள்ளனவா. தீர்ப்பு தமிழில் இருந்தால் ‘1ஆம் எதிரி’, ‘2ஆம் எதிரி’ என்று வரும். குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் நம் நீதிமன்றங்கள் எதிரி என்று குறிக்கின்றன, தீர்ப்பைப் படித்த ஒரு தாய், “என் மகனுக்கு எதிரி யார் என்று இதில் எழுதியிருக்கிறதா?” என்று கேட்டதுண்டு. ‘அ.சா.’ என்றால் அரசுத் தரப்புச் சாட்சி. அந்த எண்களுக்கு நேரே யார் யார் என்று பெயரெழுதி வைத்தால் பிறகு வழக்கறிஞர் பேசுவது புரியும்.

சம்பவம் 1.7.2024க்கு முன்னர் நடந்திருந்தால் தண்டனை இந்தியத் தண்டனைச் சட்டம் 302இன்கீழ் இருக்கும். அதற்குப் பின்னர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103இன்கீழ். எண் மாறினாலும் கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள் என்பது மாறவில்லை.

அறுபது நாள்

அமர்வு நீதிமன்றம் தந்த ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் அவகாசம். மரண தண்டனை என்றால் 30 நாள்தான்; அதோடு, மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் மரண தண்டனை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலொழிய நிறைவேறாது. கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்வது எளிது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஒரு தடைக்காலம் எத்தனை விரைவாகக் கழிந்துவிடும் என்று, கடன் வாங்கி வலை பின்னியவருக்குத் தெரியும்.

நாளை எண்ணும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சான்றளிக்கப்பட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும். நகல் மனு கொடுத்த நாள், நகல் தயாரான நாள், நகல் பெற்றுக்கொண்ட நாள் என்று அதில் தேதிகள் நிரப்பப்பட்டிருக்கும். தீர்ப்பு மார்ச் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கணக்கில் சேராது. மார்ச் 4 முதல் எண்ணினால் 60ஆவது நாள் மே 2. நகல் மனு மார்ச் 5இல் கொடுத்து நகல் 19இல் தயாராகியிருந்தால், அந்த 15 நாளும் கழியும். கடைசி நாள் மே 17 ஆகிறது. தயாரான நகலை வாங்காமல் நாம் வீட்டில் இருந்த நாள்கள் கழியாது என்பதைக் கவனியுங்கள். அந்த முத்திரையுள்ள தாளைக் கிழியாமல், மழையிலும் உப்புக்காற்றிலும் நையாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

காலம் கடந்துவிட்டால் கதவு அடைபட்டுவிடவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை, காலவரைச் சட்டம் 5ஆம் பிரிவின்கீழ்த் தக்க காரணத்தோடு சேர்த்துப் போடலாம். சிறையில் இருப்பவரின் வறுமையையும் அறியாமையையும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பரிவோடு பார்க்கின்றன. ஆனால் அதற்கே ஒரு விசாரணை, ஒரு பதில் மனு என்று மாதங்கள் போகும். அந்த மாதங்களை உள்ளே இருப்பவர்தான் கழிக்க வேண்டும்.

யார் வழக்காடுவது

இராமநாதபுரம் மாவட்டத்துக்குரிய உயர் நீதிமன்றம், 24.7.2004 அன்று தொடங்கப்பட்ட மதுரைக் கிளை. சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மேலூர் சாலையில், ஒத்தக்கடைக்கு அருகே உள்ளது. மாட்டுத்தாவணியில் இறங்கினால் பக்கம். சிறையோ நகரின் மறுபக்கம், அரசரடியை ஒட்டி இருக்கிறது. காலையில் வழக்கறிஞர், பிற்பகலில் சிறை என்று ஒரே நாளில் திட்டமிட்டுக்கொண்டு வந்து, இரண்டையும் தவறவிட்டவர்கள் அநேகம். இராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் வருகிறவர்கள் சிறை மனுவுக்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்குங்கள்.

பணம் இல்லை என்பதற்காக மேல்முறையீடு நிற்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, மதுரைக் கிளையிலுள்ள உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவிலோ, சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவச வழக்கறிஞர் என்றால் அக்கறை இருக்காது என்ற பேச்சு கரையெங்கும் உண்டு. என் அனுபவத்தில், வாக்குமூலங்களைக் கடைசி வரி வரை படித்த இலவச வழக்கறிஞரையும் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்துக் கட்டணம் கொடுத்தும் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்காதவரையும் பார்த்திருக்கிறேன். படிக்கிறாரா என்பதுதான் கேள்வி. அதை அறிய, மூன்றாவது சந்திப்பில் ‘இரண்டாம் சாட்சி குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளான வக்காலத்தில் கையெழுத்திட வேண்டியவர் தண்டனை பெற்றவர். மனைவியோ தம்பியோ போட்டால் செல்லாது. சிறைக்குள் அவர் கையெழுத்திட்டு, சிறை அதிகாரி சான்றொப்பம் இட்டுத் தருவார். வழக்கறிஞரே கிடைக்காத நிலையில், சிறைக் கண்காணிப்பாளரிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுத்துவிடவும் சட்டத்தில் வழி உண்டு. அவர் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

ஒரே வழக்கில் நான்கைந்து பேர் தண்டிக்கப்பட்டிருந்தால், எல்லோருக்கும் ஒரே வழக்கறிஞர் என்று செலவைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது. எல்லோருடைய நிலையும் ஒன்றானால் பரவாயில்லை. ‘நான் கரையில் நின்றேன், வெட்டியவர் அவர்’ என்பது உங்கள் தரப்பு வாதமானால், அவருக்காகவும் வாதாடுகிற வழக்கறிஞரால் அதைச் சொல்ல இயலாது. அண்ணன் தம்பியாக இருந்தாலும் அந்த இடத்தில் தனி வழக்கறிஞர் வேண்டும்.

காரணங்கள்: மேல்முறையீட்டின் உயிர்

மேல்முறையீட்டு மனுவில், தீர்ப்பு ஏன் தவறு என்பதற்கான காரணங்கள் வரிசையாக எழுதப்படும். எதிர்த்தரப்பில் இறந்தவரின் குடும்பம் இருக்காது. காவல் ஆய்வாளர் வழியாக மாநில அரசு இருக்கும். மனு ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், ஒவ்வொரு காரணத்தையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது உங்கள் உரிமை. குடும்பத்துக்குத் தெரிந்த சின்னச் செய்திகள் சில நேரம் இங்கேதான் பயன்படும். ஆனால் அவை ஏற்கெனவே பதிவில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வலை அறுந்தது தொடர்பான தகராறில் விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் ஒருவர் வெட்டப்பட்டார் என்று ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். கண்ணால் கண்ட சாட்சி நாற்பது அடி தள்ளி நின்றதாகச் சொல்கிறார். சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதிய பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் மின்கம்பம் காட்டப்பட்டிருக்கிறதா? அது எரிந்ததாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? அன்று அமாவாசைக்கு எத்தனையாம் நாள்? கடலுக்குப் போகிறவர்கள் பிறை பார்த்தே பழகியவர்கள் என்பதால், இதை வழக்கறிஞருக்கு முதலில் சொன்னவர்கள் சிறையில் இருந்தவர்களாகவே இருப்பார்கள்.

அடுத்து முதல் தகவல் அறிக்கை. காலை ஆறு மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை, நீதித்துறை நடுவரிடம் எப்போது சேர்ந்தது என்று அதன் மேலேயே நடுவர் குறித்திருப்பார். அந்த நேரம் மாலையாகவோ மறுநாளாகவோ இருந்து, இடைப்பட்ட நேரத்துக்கு விளக்கமும் இல்லையென்றால், இடையில் யோசித்துப் பெயர்கள் சேர்க்கப்பட்டனவா என்ற ஐயம் எழும். தாமதம் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது; மற்றக் குறைகளோடு சேரும்போதுதான் அதற்கு எடை கூடும்.

காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுக்க வழிகாட்டிய அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். அரிவாளை எடுத்துக்கொடுத்தார் என்ற மகஜரில் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார்கள், எல்லோரும் வந்து போகிற கரையில் கிடந்த பொருளா, மறைவிலிருந்து எடுத்ததா, இரத்தக் கறை ஆய்வறிக்கை வந்ததா என்பவற்றை வழக்கறிஞர் தோண்டுவார். கண்ணால் கண்ட சாட்சியே இல்லாத வழக்குகளில், சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் ஐயமற நிறுவப்பட்டு, சங்கிலி அறுபடாமல் இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற முடிவுக்கு மட்டுமே இட்டுச்செல்ல வேண்டும். 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த அளவுகோலே இன்றும் எடுத்தாளப்படுகிறது.

சாட்சிகள் இறந்தவரின் உறவினர்கள் என்பதைப் பெரிய வாதமாகப் பலர் நம்பியிருக்கிறார்கள். உறவினர் என்பதால் மட்டும் எந்த நீதிமன்றமும் சாட்சியத்தைத் தள்ளாது. கவனமாகப் பார்க்கும், அவ்வளவுதான்.

விடுதலை ஒன்றே இலக்கு என்று நினைக்க வேண்டாம். முன்திட்டமின்றி, திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தின் உச்சத்தில், கையில் கிடைத்த துடுப்பால் ஒரே அடி என்றால், அது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றமாக மாற்றப்படலாம். பழைய சட்டத்தில் 304, புதியதில் 105. அப்படி மாறினால் ஆயுள் தண்டனை பத்தாண்டாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகக்கூடும். ‘அவன் அடிக்கவே இல்லை’ என்று நிற்கும் குடும்பம் இந்த மாற்று வாதத்தைக் கேட்டால் கோபப்படுகிறது. முதல் வாதத்தைக் கைவிடாமலே இரண்டாவதையும் வைக்கலாம் என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: சம்பவ நாளில் அவருக்கு 18 வயது நிறையவில்லை என்றால், அதை வழக்கின் எந்தக் கட்டத்திலும், மேல்முறையீட்டிலும்கூட எழுப்பலாம். கடலுக்கு இளவயதிலேயே போய்விடும் ஊர்களில், காவல் நிலையத்தில் உத்தேசமாக எழுதிய வயது அப்படியே நின்றுவிடுவது உண்டு. பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ தேடி எடுங்கள்.

தண்டனையை நிறுத்திவைக்கும் மனு

மேல்முறையீடு எண்ணிடப்பட்டதும், அதோடு சேர்ந்து தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கேட்கும் மனு விசாரணைக்கு வரும். கொலை வழக்கில் அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்பளித்த பிறகே இதில் உத்தரவு வரும். தண்டனைக்கு முன் கேட்ட பிணையைப் போல இதை எண்ண வேண்டாம். குற்றமற்றவர் என்ற அனுமானம் தீர்ப்போடு போய்விட்டது. மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் குறை தீர்ப்பில் உள்ளதா, விசாரணையின்போது பிணையில் ஒழுங்காக இருந்தாரா, எத்தனை காலம் உள்ளே இருந்திருக்கிறார் என்பவை பார்க்கப்படும். முதல் மனு தள்ளுபடியானால் மனம் உடைய வேண்டாம். காலம் கழிந்தபின் மறுபடி கேட்கலாம். மேல்முறையீட்டை நியாயமான காலத்துக்குள் நீதிமன்றம் விசாரிக்க இயலாதபோது பிணை மறுக்கத் தனிக் காரணம் வேண்டும் என்று 1977இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உத்தரவு கிடைத்தபின்தான் கரையோரக் குடும்பத்தின் உண்மையான தலைவலி தொடங்குகிறது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும்; அவர்களிடம் சொத்துக்கு ஆதாரம் கேட்கப்படும். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக வீடு கட்டி வாழும் குப்பத்தில் பட்டா உள்ள இருவரைத் தேடுவது எளிதல்ல. உத்தரவு வரும் முன்பே ஆட்களைப் பேசி வைத்து, ஆதார், குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைத் திரட்டிவிடுங்கள். எட்டாத நிபந்தனை என்றால் அதைத் தளர்த்தக் கோரலாம். ஏழைக்கு இயலாத ஜாமீன் கேட்கக்கூடாது என்று 1978இல் மோதிராம் வழக்கிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அபராதம் கட்டியிருந்தால் ரசீதை உடன் வையுங்கள்.

மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில் நீதிமன்றத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையும் வரலாம். இராமேசுவரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாள் வேறு வேறு என்பதால், கையெழுத்து நாளும் தொழில் நாளும் மோதும். படகு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடலில் இருந்தேன் என்பது பிணையை ரத்து செய்யாமல் காப்பாற்றும் காரணம் ஆகாது.

இறுதி விசாரணை

கீழ் நீதிமன்றத்தின் பதிவேடுகள் மதுரைக்கு வரவழைக்கப்பட்டு, வாக்குமூலங்களும் ஆவணங்களும் தட்டச்சுத் தொகுப்பாகக் கட்டப்படும். பிறகு பட்டியலில் இடம் கிடைக்கும் வரை காத்திருப்பு, ஆண்டுகள் ஆகலாம். வழக்கு எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே நிலையைப் பார்க்கலாம். மறுநாள் பட்டியல் முதல் நாள் மாலையில் வெளியாகும். ‘நாளைக்கு வந்துவிடும்’ என்ற தொலைபேசிப் பேச்சை நம்பி வாரந்தோறும் பேருந்து ஏற வேண்டாம். தண்டனை பெற்றவரோ குடும்பமோ அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போவதானால் அடையாள அட்டையோடு 10.30க்குள் போங்கள்.

வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காக மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக்கூடாது, பதிவேட்டைப் பார்த்துத் தகுதியின் அடிப்படையில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 1996இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. வழக்கறிஞர் தவறினால் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு இது. நீங்கள் போட்ட மேல்முறையீட்டில் தண்டனை கூட்டப்படாது என்பதும் பலருடைய அச்சத்தைப் போக்கும். கூட்ட வேண்டுமானால் அரசு தனியாக மேல்முறையீடு செய்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில் ஊருக்குள் ஒரு பேச்சு எழும்: இரு குடும்பமும் ஊர்க்கூட்டத்திலோ ஜமாஅத்திலோ பேசி முடித்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்று. கொலை சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம் அல்ல. ஊரில் பகை தணிவதற்கு அந்தப் பேச்சு நல்லது. நீதிமன்றத்தில் அதனால் தண்டனை நீங்காது. சாட்சிகளைத் தேடிப் போய் ‘மாற்றிச் சொல்’ என்று எழுதி வாங்குவது இன்னும் மோசம்; புது வழக்கைத்தான் கொண்டுவரும். நீதிபதியைத் தெரியும் என்று சொல்லி ஒருவர் வாங்கிக்கொண்ட பணத்துக்காக, நான் துணைக்குப் போன ஒரு குடும்பம் படகின் இயந்திரத்தை விற்றது. அந்தப் பணத்துக்கு ரசீது இல்லை. எந்தக் கட்டிலும் அதன் அடையாளம் இல்லை.

தீர்ப்புக்குப் பின்

விடுதலை என்றால் உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தபின், வேறு வழக்கு எதுவும் இல்லையா என்று சரிபார்த்துவிட்டு வெளியே விடுவார்கள். ஒரு நாள் பிந்தக்கூடும். கட்டிய அபராதத்தைத் திரும்பப் பெறத் தீர்ப்பில் சொல்லப்பட்டிருந்தால் அதற்குக் கீழ் நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும்.

தண்டனை உறுதியாகி, அவர் பிணையில் இருந்தால், சொன்ன காலத்துக்குள் சரணடைய வேண்டும். கடலுக்குள் போய்விட்டால் யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தவர்களுக்காக, ஜாமீன் கொடுத்த இருவர்தான் முதலில் நீதிமன்றப் படியேறுவார்கள். அடுத்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. அதற்கு 90 நாள். டெல்லிக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அதற்கான வக்காலத்திலும் அவர் சிறைக்குள்தான் கையெழுத்திட வேண்டும். எனவே உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலுக்கு அன்றே மனு போட்டுவிட்டு, அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு, வாக்குமூலங்கள், தட்டச்சுத் தொகுப்பு ஆகிய பழைய கட்டை வழக்கறிஞரிடமிருந்து எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.